தூக்கம் கலையாமல்

ஊசி இறங்கியதும் பொற்கொடியின் தோள்சதை ஒருமுறை துள்ளி அடங்கியது.

"அவ்ளோதாங்க்கா. இது மருந்தே இல்லாத ஊசி. இறுகிப்போன முடிச்சை மட்டும் தளர்த்தி விடும்," என்றாள் இசைப்பிரியா. மெயின் பஜாரில் புதிதாக பிசியோதெரபி வைத்திருக்கும் பெண்.

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மருதமுத்துதான் பல்லைக் கடித்துக்கொண்டான். குத்து வாங்கிய பெண்டாட்டி வாயே திறக்கவில்லை.

அவள் அவனிடம் வாய் திறந்து மாதக்கணக்காகிறது. சோறு வைப்பாள், யூனிபார்ம் துவைத்துப் போடுவாள், பேச்சு மட்டும் கிடையாது. கழுத்து வலி என்பதைக்கூட எதிர் குவார்ட்டர்ஸ்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டான். மைன்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு அழைத்து வந்திருக்கிறான். வலி விட்டால் ஒரு வார்த்தையாவது பேசிவிடமாட்டாளா என்று ஒரு நப்பாசை, பாவம்.

வினையை இழுத்துக்கொண்டவன் அவனேதான். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் படுத்திருந்தவன், தண்ணீர் குடிக்க எழுந்தான். சமையல்கட்டில் அவள் அம்மாவோடு போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு காதைத் தீட்டினான். அன்றும் அதே குசுகுசு.

பெற்ற தாயிடம் பேச எதற்கு இந்த ரகசியம்? என்னைப் பற்றிக் கோள் மூட்டத்தானே என்று எகிறினான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவள் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே போனைப் பிடுங்கி, அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினான். பேசுவதானால் என் போனில், என் எதிரில் பேசு என்றான்.

அவளும் ரோஷக்காரி. ஒருநாளும் அவன் போனைக் கேட்கவில்லை.

"கழுத்தை ஒருபக்கமா சாய்ச்சுக்கிட்டே செய்யற வேலை ஏதாவது உண்டாக்கா?" இசைப்பிரியா அடுத்த ஊசியைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மாகிட்ட போன் பேசிக்கினு இருந்தேங்க. தோள்ல இடுக்கிக்கினே தோசை ஊத்துவேன்."

"ஸ்பீக்கர்ல போட்டுப் பேசக் கூடாதா?"

"எப்படிங்க போடறது? இவுரு நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்கிக்கினு இருப்பாரு. ஒரு டம்ளர் உருண்டாக்கூட எழுந்துக்குவாரு. அதான் வாய்க்குள்ளயே பேசிக்குவேன்."

அடப்பாவி, இதற்கா என்று மருதமுத்து தன்னையே திட்டிக்கொண்டான். அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. குப்புறப் படுத்திருந்தவளின் பின்னங்கழுத்துதான் தெரிந்தது.

"இனிமே இடுக்காதீங்கக்கா. ஸ்பீக்கர்ல போட்டு அம்மாகிட்ட நல்லா சத்தமாவே பேசுங்க. சாரும் ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"சரிங்க," என்றாள் பொற்கொடி.

அம்மா ஆடியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அவள் சொல்லவில்லை.

துக்கத்துக்குச் செஞ்சி போயிருந்தபோது மாமியாரின் பக்கத்து வீட்டுக்காரி மருதமுத்துவிடம் அழுதுகொண்டே சொன்னாள். அன்று அவன் ஏதோ தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். நெஞ்சு அடைக்கிறது என்று அம்மா மகளுக்குத்தான் திரும்பத் திரும்பப் போன் போட்டாளாம். அது அணைந்தே கிடந்ததாம். மாப்பிள்ளைக்குப் போடட்டுமா என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்குக் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"வாணாண்டி. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பத்தான் படுத்திருப்பாரு. எழுப்பாத."