மெதுவாகக் கத்தும் அலாரம்

மீன் ஏற்றும் பிக்கப் வண்டிக்கு அலாரம் வாங்க வந்த பிலோமி, கடைக்காரர் அழுத்திக் காட்டிய ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“மெதுவாக் கத்துறது இல்லையா தம்பி?”

“மெதுவாக் கத்துனா திருடன் எப்படிக்கா பயப்படுவான்?”

“அவரு பயந்துரக் கூடாதுன்னுதான்.”

கடைக்காரர் வெளியே பார்த்தார். அவள் கணவர் சகாயம் சட்டை நுனியால் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஞாபகம் தவறியவர் வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வண்டியைத் தன் அண்ணன் வீட்டில் ஒளித்துவைத்தபோது, அவர் அதைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார். திரும்பக் கொண்டுவந்த பிறகு, கண்ணில் பட்ட சாவியையெல்லாம் அதில் போட்டுப் பார்க்கிறார்.

கடைக்காரர் சைரனின் வாயில் பழந்துணியை அடைத்து மாட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை அது கம்மிய குரலில் கத்தியது. பிலோமி ரிமோட்டோடு ஓடினாள். பீரோச் சாவியைச் செருகிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த சகாயம், எட்டி அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

“எவனோ நம்ம வண்டியத் தூக்கப் பாக்கான். ஏறு பிலோமி, எங்கயாவது கொண்டு போயிருவோம்.”

அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரிமோட் மடியில் கிடந்தது. அலாரம் கத்திக்கொண்டே இருந்தது.