சந்தை நிறுத்தம் தாண்டி

மார்ச் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. காலை முதல் மெல்லிய தூறல், காற்று இல்லை.

"இந்த பஸ் சந்தையில நிக்குமா, தங்கச்சி?"

"நிக்கும்க்கா. இந்த டிரைவர் ஒரு நிறுத்தத்தைக்கூட விட்டதில்ல."

கேட்டவர் ஒரு தையற்கார அம்மாள். தைத்து முடித்த சட்டைகளை மூட்டையாகக் கட்டி மடியில் ஏந்தியிருந்தார். ஓட்டுநரிடமே கேட்டிருப்பார்; 'பேருந்து ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்' என்ற பலகை அவரைத் தடுத்தது. ஆகவே ஓட்டுநருக்கு நேர் பின்னாலிருந்த இருக்கையில், சன்னலோரம் அமர்ந்திருந்த இளம்பெண்ணிடம் கேட்டார்.

அப்பெண் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளர். வியாழன் அவளுக்கு விடுமுறை நாள். நனைந்த சன்னலுக்கு வெளியே கடைகளும் மரங்களும் நீரின் அடியில் அசைவன போல் கரைந்து கரைந்து நகர்ந்தன. அவளோ முன்னாலிருந்த கண்ணாடியை அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பதும், நெற்றி முடியை ஒதுக்குவதுமாக இருந்தாள்.

"எத்தனை தடவைதான் கண்ணாடி பார்ப்ப? அழகாத்தான் இருக்க," என்றார் அம்மாள். "புருஷனைப் பார்க்கவா போற?"

"ஆமாக்கா," என்றாள் அவள், சற்றே நாணத்துடன்.

திருமணமாகி ஓராண்டு நிறைந்திருந்தது. அந்த ஓராண்டில் எங்கெல்லாம் போனீர்கள் என்று அம்மாள் வினவியதும், கண்ட கனவை மறப்பதற்குள் சொல்லிவிட விரும்புபவள் போல அவள் பேசத் தொடங்கினாள். திருமணமான மறுவாரமே கடற்கரைக்குப் போனார்களாம். மழைக்காலத்தில் மலையடிவாரம், அங்கே மேகம் இறங்கிவந்து தலைமுடியை நனைத்ததாம். விமான நிலையத்துக்குப் போய், பறக்காமலே திரும்பினார்களாம். ஆற்றுப் பாலத்து நெரிசலில் முதல் சண்டை. பாலத்தைத் தாண்டுவதற்குள் சமாதானம். ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு மாலையில்தான் அவர் அவளை முதன்முதலாகச் செல்லப் பெயர் சொல்லி அழைத்தாராம்.

"ஆனா எங்க போனாலும் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் இருப்போம். அதுக்குள்ள கிளம்பணும்பார்."

அம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. "கடல் வரைக்கும் போய் காலையாவது நனைச்சாரா?"

"அவர் நனைக்கல. நான் ஓடிப்போய் நனைச்சுட்டு வந்து, ஈரக்காலை அவர்கிட்ட காட்டினேன்."

"போற வழியில பக்கத்துல உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவாரா?"

"பக்கத்துல உட்கார்ந்ததே இல்லக்கா. தனித்தனி சீட்டுதான்."

"நல்லா வாச்சாரு உனக்கு. எங்க வீட்டுக்காரர் தேவல; பக்கத்துல உட்கார்ந்து குறட்டையாவது விடுவார்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அன்று மாலை வேலை முடிந்ததும் கணவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகிறார் என்றாள். வெகு தூரத்து மலைநாட்டில் மூன்றாண்டு வேலை. குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. கையெழுத்திட்டபின் பின்வாங்கவும் இயலாது. பனி மூடிய சாலைகளைக் காண வேண்டும் என்பது அவருடைய சிறுவயது ஆசையாம்.

"அதுக்குன்னே ஒரு பச்சைப் பேனா வாங்கி, நேத்தே சட்டைப் பையில குத்தி வச்சுட்டார். மூடியில தங்கக் கோடு போட்ட பேனா."

ஆசைப்படுகிறவர் போய்வரட்டுமே, உனக்கென்ன கலக்கம் என்று அம்மாள் கேட்டார். சன்னலில் ஒரு நீர்த்துளி இன்னொன்றைத் தேடிப்போய்ச் சேர்ந்து, இரண்டும் ஒன்றாய் வழிந்து இறங்கின.

"இன்னிக்குக் காலையில எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சுது. அதுக்குள்ள அவர் வேலைக்குக் கிளம்பிப் போயிட்டார். சொல்லாம விட்டா கையெழுத்து போட்டுடுவார். முகத்தைப் பார்த்துச் சொன்னா, போகாதீங்கன்னு கெஞ்சுற மாதிரி ஆயிடும். ரெண்டும் என்னால முடியலக்கா."

சந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாள் இறங்குவதற்கான மணியை அழுத்திவிட்டு மூட்டையுடன் எழுந்தார்.

"அப்போ முகத்தைப் பார்க்காமலே சொல்லித் தொலை. அப்படி என்ன விஷயம்?"

அவள் முன்னாலிருந்த கண்ணாடியைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். பிறகு பார்வையைச் சன்னலுக்குத் திருப்பிக்கொண்டு, தேவைக்கு அதிகமான குரலில் சொன்னாள்:

"நான் முழுகாம இருக்கேன்க்கா."

அம்மாளின் முகம் பூரித்தது. "மெல்லச் சொல்லு, பொண்ணே. முன்னால ஓட்டுறவருக்குக்கூடக் கேட்டிருக்கும்."

சந்தை நிறுத்தம் வந்தது. குடைகளோடு நின்றிருந்தவர்கள் கை காட்டினார்கள். பேருந்து, தூக்கத்தில் நடப்பவனைப் போல, எவரையும் காணாமல் அவர்களைக் கடந்து சென்றது. அம்மாள் மணியை மீண்டும் மீண்டும் அழுத்தினார். நெடுந்தூரம் போனபின், பூட்டிக்கிடந்த ஒரு கடையின் முன் அது மெதுவாக நின்றது. கண்ணாடியைத் துடைக்கும் கோல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"ஒரு நிறுத்தத்தையும் விட்டதில்லன்னு சொன்னியே," என்று அவளைக் கடிந்துகொண்ட அம்மாள், நேரே ஓட்டுநரிடம் சென்று, இந்த மழையில் மூட்டையோடு என்னைத் திரும்பி நடக்கவைப்பது நியாயமா என்று கேட்டார்.

ஓட்டுநர், தலைக்கு மேலிருந்த கண்ணாடியில், தமக்குப் பின்னால் இருந்த சன்னலோர இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பின்னர், தம் சட்டைப் பையிலிருந்து தங்கக் கோடு போட்ட ஒரு பச்சைப் பேனாவை எடுத்து அம்மாளிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்கங்கக்கா. சட்டை அளவு எழுத இதை வச்சுக்கங்க, எனக்கு இனிமே தேவைப்படாது," என்றார் அவர், மாலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு.