மாமி வீட்டு ரேடியோ

“மாமி, கதவைத் திறங்கோ. சீக்கிரம்!”

போர்வையில் சுற்றிய ரேடியோவைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள் விஜயம். கரமனைத் தெருவில் யார் கண்ணிலும் படாமல் அடுத்த வாசலுக்கு வருவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

நீலாம்பாள் அப்பள மாவுக் கையோடு கதவைத் திறந்தாள்.

“என்னடி இது?”

“ரேடியோ. இன்னிக்கு ஒரு பொழுது உங்காத்துல இருக்கட்டும். வில்லேஜ் ஆபீசர் வரார். அவர் வருமான சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் பட்டாபிக்கு ஐ.டி.ஐ.யில மாசாமாசம் ஸ்டைபண்ட் பணம். மேலத் தெருவுல ஒரு ஆத்துல ரேடியோவைப் பார்த்துட்டு, குடுக்க மாட்டேன்னு போயிட்டாராம்.”

“இன்னிக்கா வரார்?”

நீலாம்பாள் ரேடியோவையும் தன் ஒற்றை அறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன் மாமி, இடமில்லையா?”

“இடத்துக்கென்ன... கொண்டா. அந்த முக்காலி மேல வை.”

திரும்பி வரும்போது விஜயத்துக்கு மனசு ஆறவில்லை. ‘ஒரு சின்ன ஒத்தாசை. அதுக்கு மாமி முகம் போற போக்கைப் பாரேன். நம்மாத்துல கச்சேரி கேக்க மட்டும் முதல் ஆளா வந்து உக்காரத் தெரியறது!’

அந்த ரேடியோவும் காசு கொடுத்து வாங்கியதில்லை. பம்பாய் அண்ணா புதுசு வாங்கியபோது கழித்துக் கொடுத்தது. அவள் கணவருக்குக் கோவில் மடைப்பள்ளியில் வேலை. சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே சரி. ஸ்டைபண்ட் கிடைக்காவிட்டால் மகன் பட்டாபி ஃபிட்டர் படிப்பை விட்டுவிட்டு, வித்துராவில் மாமா ஓட்டலுக்கு மாவாட்டப் போகவேண்டியதுதான். ஆட்டுக்கல்லைக் கழுவி வைத்திருப்பதாக மாமா சொல்லியனுப்பியும் விட்டார்.

மத்தியானம் வில்லேஜ் ஆபீசர் வேலாயுதன் வந்தார். அரிசிப் பானையைக்கூடத் திறந்து பார்ப்பவர் என்று பெயர். பானையைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

ஜன்னல் வழியாக ஏரியல் கம்பி உள்ளே வந்து அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரேடியோவைத் தூக்கிய அவசரத்தில் விஜயம் அதை மறந்தே போயிருந்தாள்.

“இதெந்தா அம்மா?”

“துணி... துணி உலர்த்தற கம்பி ஸார்.”

“ஓ! கைக்குட்டை உலர்த்தலாம்.”

விஜயத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனால் அவர் பட்டாபியின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி நீட்டினார். கையோடு இன்னொரு காகிதத்தை எடுத்தார்.

“அடுத்தது அனந்தலக்ஷ்மி. அம்மா பேர் நீலாம்பாள். பக்கத்து வீடல்லே?”

“அவாத்துக்கு எதுக்கு ஸார்?”

“அந்தப் பெண்ணும் ஐ.டி.ஐ.தானே, தையல். ஸ்டைபண்டுக்கு எழுதிப் போட்டிருக்கு.”

அவர் போய்விட்டார். அனந்தலக்ஷ்மி தையல் படிப்பது விஜயத்துக்குத் தெரியும். ‘நீங்களும் எழுதிப் போட்டேளா?’ என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் தோன்றவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பேச்சு தெளிவாகக் கேட்டது.

“இது யாரோட ரேடியோ?”

மாமியின் அப்பளக் குழவி உருளும் சத்தம் நின்றது.

“என்னோடதுதான்.”

“கரண்டே இல்லாத வீட்டில் ரேடியோவா?”

“கரண்ட் வந்தப்பறம் கேக்கலாம்னு வாங்கி வச்சிருக்கேன்.”

“அப்பளம் விற்ற காசிலா?”

“ஆமாம்.”

“அப்போ சர்ட்டிபிகேட் தர முடியாதே அம்மா.”

“சரி ஸார்.”

அந்த ‘சரி ஸார்’தான் விஜயத்தைப் பிடித்துத் தள்ளியது. சீல் மை காயாத காகிதத்தோடு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

“ஸார், அது எங்காத்து ரேடியோ! மாமிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. இந்தாங்கோ பட்டாபி பேப்பர். கிழிக்கறதானா இதைக் கிழிங்கோ.”

“அவ சும்மா சொல்றா ஸார். என்னோடதுதான்.”

“மாமி, உங்களுக்கு அதைத் திருகக்கூடத் தெரியாது!”

“என் ரேடியோ! நான் திருகுவேன், திருகாம இருப்பேன். உனக்கென்னடி?”

வேலாயுதன் அப்பளப் பலகையை நகர்த்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்னுடையதில்லைன்னு சத்தியம் செய்றவங்களை இத்தனை வருஷ சர்வீஸில் நிறையக் கண்டிருக்கேன். என்னுடையதுதான்னு அடிபிடி கூடறவங்களை இப்பத்தான் காணறேன்.”

சட்டென்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

“சரி. லைசென்ஸ் எங்கே?”

வீட்டில் ரேடியோ இருந்தால் போஸ்டாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம் அது.

“அண்ணா குடுத்தது... எடுக்கலை ஸார்” என்றாள் விஜயம்.

நீலாம்பாள் அப்போதும் விடவில்லை. “நானும் எடுக்கலை ஸார்.”

வேலாயுதன் பேனாவைத் திறந்தார்.

“லைசென்ஸ் இல்லாத ரேடியோ சர்க்கார் கணக்கில் ரேடியோ அல்ல. வெறும் பெட்டி. அந்தக் கைக்குட்டைக் கம்பி மாதிரி.”

அந்தப் பெட்டியின் மேலேயே காகிதத்தை வைத்து அனந்தலக்ஷ்மிக்கும் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார்.

“ஏன் மாமி காலமேயே சொல்லலை?” என்று கேட்டாள் விஜயம்.

“நீ எங்கேடி சொல்ல விட்டே?”

குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிய வேலாயுதன் திரும்பினார்.

“லைசென்ஸ் இல்லாம ரேடியோ வைக்கறது குற்றம், கேட்டோ. போஸ்டாபீஸ் போய் எடுத்துடணும்.”

“இதோ, இப்பவே போறேன் ஸார்!” என்று விஜயம் கிளம்பினாள்.

வேலாயுதன் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார்.

“ஐயோ அம்மா, இன்னிக்கு வேண்டா. இன்னிக்கு முழுக்க அது பெட்டி. நாளைக்கு!”