நாலு விரல் தூரம்

"கண்ணை மூடாதே சிட்டம்மா."

"நான் எங்கண்ணா மூடறேன்? அதுவா மூடிக்கீது."

மூன்றாவது முறையாக ஃபிளாஷ் மின்னியது. மூன்றாவது முறையாக அவள் கண்ணை மூடினாள். ஸ்டூடியோ அருள்தாஸ் கேமராவை இறக்கினார்.

"மனைப்பட்டா கேட்டு மனு குடுக்கப் போற. கண்ணு மூடின போட்டோவை ஒட்டினா, பொணத்துக்கா பட்டான்னு கேப்பாங்க. கொஞ்சம் அப்படி உக்காரு. சாரைப் பார்த்துட்டு வரேன்."

சார், பிரேம்நாத். காஞ்சிபுரத்தில் பட்டு ஜவுளிக்கடை. இங்கே உத்திரமேரூரில் மாமனார் வீடு. கழுத்தில் புதுக் கேமரா. பூச்சிகளைக் கிட்டத்தில் போய்ப் பெரிதாகப் படம் எடுக்கும் ஆசை வந்து ஆறு மாதம் ஆகிறது. சென்னையில் ஓர் இயற்கை ஆர்வலர் சங்கத்தின் போட்டிக்கு இரண்டு முறை அனுப்பினார். இரண்டு முறையும் 'தெளிவில்லை' என்று திரும்பி வந்தது. மைத்துனர்கள் சிரித்தார்கள். இந்த முறை சனிக்கிழமை கடைசி நாள். தலைப்பு: 'அவையும் வாழட்டும்'.

பெஞ்சில் உட்கார்ந்த சிட்டம்மாள் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். காவாந்தண்டலம் ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"ஈசல். முந்தாநாள் மழையில புடிச்சது. துன்றியாண்ணா?"

அருள்தாஸ் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிரேம்நாத் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதுவும் ஒரு உயிர்தானேம்மா. எப்படி மனசு வருது உனக்கு?"

"அரிசி போட்டு வறுத்தா வந்துரும் சார்."

அருள்தாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடி மேஜைமேல் சாமான்களைப் பரப்பினார்.

"மேக்ரோ லென்ஸ் காட்டலாக்ல மட்டும்தான் சார் கீது. மெட்ராஸ்லேந்து வரவழைக்கணும். ஒரு முழம் தள்ளி நின்னே எறும்பு மீசையை எடுக்கலாம். வெலைதான், உங்க கேமராவைவிட ஜாஸ்தி."

"அடுத்தது?"

"இந்தக் கண்ணாடி. லென்ஸ் முன்னால திருகிக்கணும். மலிவு. ஆனா ஓரம் கலங்கும்."

"அது என்கிட்ட இருக்கு. அதாலதான் ரெண்டு தடவை திரும்பி வந்தது."

"அப்ப இதான்." அருள்தாஸ் ஒரு கறுப்பு வளையத்தை எடுத்து வைத்தார். "உங்க லென்ஸையே கழட்டித் திருப்பி மாட்டறதுக்கு. காஞ்சிபுரத்துல லேத்துல குடுத்துக் கடைஞ்சேன். ஆரம்பிக்கிறவங்களுக்கு இது தாராளம். ஒரே ஒரு கஷ்டம், பூச்சிக்கு நாலு விரல் தூரத்துக்குப் போயிடணும். அது துளி அசைஞ்சாலும் படம் போச்சு."

"நாலு விரல் தூரத்துல எது உட்கார்ந்து குடுக்கும்?"

"விடிகாலைக் குளிர்ல உக்காரும். அஞ்சு மணிக்கே ஏரிக்கரையில போய்க் காத்துக்கினு இருக்கணும். பத்து நாள் போனா ஒண்ணு மாட்டும்."

"பத்து நாளா? இன்னைக்கு வியாழக்கிழமை."

திறந்த கதவு வழியாக ஒரு தட்டான் உள்ளே வந்தது. சுவரில் தொங்கிய திரையில் வரைந்திருந்த ரோஜாத் தோட்டத்தைச் சுற்றிவிட்டு, ஒரு ரோஜாமேல் உட்கார்ந்தது.

பிரேம்நாத் குரலைத் தாழ்த்தினார். "பிடிம்மா அதை. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

சிட்டம்மாள் எழுந்திருக்கவில்லை. "அப்பால வுட்டுடுவீங்களா சார்?"

"பின்னே? வறுத்தா திங்கப் போறேன்?"

அவள் போய் இரண்டு விரலால் நான்கு இறக்கைகளையும் சேர்த்து எடுத்தாள். தட்டானுக்கே தெரிந்திருக்காது.

"அருள்தாஸ், அந்தப் பிளாஸ்டிக் ரோஜாவைக் குடுங்க. அப்புறம், ஆல்பத்துல போட்டோ ஒட்டுவீங்களே, அந்தப் பசை."

"பசை எதுக்கு சார்?"

"புத்தகத்துல போட்டிருக்கான். வெளிநாட்டுல செய்யறதுதான்."

அருள்தாஸ் ஒரு கணம் பாட்டிலைக் கையில் வைத்திருந்தார். பிறகு கொடுத்தார்.

பிரேம்நாத் தட்டானை வாங்கி, பசை பிரஷ் நுனியால் ஆறு கால்களிலும் தொட்டு, ரோஜா இதழில் வைத்து அழுத்தினார். தலைவாரும் இடத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு தடவை பீய்ச்சினார். பனித்துளி. லென்ஸைத் திருப்பி மாட்டிக்கொண்டு நாலு விரல் தூரத்துக்குக் குனிந்தார்.

தட்டான் இறக்கைகளைப் படபடவென்று அடித்தது. அவர் காத்திருந்தார். அடங்கியது.

பன்னிரண்டு படங்கள்.

"அதோட கண்ணுல கட்டம் கட்டமா தெரியுது அருள்தாஸ்," நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "இந்த வளையமே போதும். பசை பாட்டிலுக்கு என்ன?"

"அது இருக்கட்டும் சார், சும்மா எடுத்துக்குங்க."

இரண்டையும் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டார். வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். குரலில் உண்மையான கனிவு இருந்தது.

"இனிமே அதெல்லாம் தின்னாதேம்மா. வாயில்லா ஜீவன். பாவம்."

"சரி சார்."

ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று.

"இரு சிட்டம்மா, புது ரோல் போட்டுக்கினு வரேன்," என்று அருள்தாஸ் உள்ளே போனார். "இந்தத் தடவையும் கண்ணை மூடினே, பட்டா ஏரியிலதான்."

சிட்டம்மாள் பிளாஸ்டிக் ரோஜாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முந்தானை முனையைத் தண்ணீரில் நனைத்து, தட்டானின் ஒரு காலின்மேல் வைத்தாள். பசை இளகும்வரை காத்திருந்தாள். பிறகு அடுத்த கால்.

ஆறாவது கால் விடுபடும்வரை அவள் கண் இமைக்கவில்லை.