காது ரத்தம்

குரங்கை அறுக்கச் சொல்லிப் பேராச்சி பித்தளைச் செம்பை நீட்டினாள்.

தாராவி மெயின் ரோட்டில் பூலோகத்தின் கருங்குரங்கு லேகியக் கடை. கடை என்றால் ஒரு பலகை, நாலு ஜாடி, பின்னால் ஒரு சாக்குத் திரை, அவ்வளவுதான். முன்னால் கம்பத்தில் இடுப்புக் கயிற்றோடு உட்கார்ந்திருக்கும் கருங்குரங்குதான் விளம்பரம். அதைக் கண்ணால் பார்க்காமல் அங்கே ஒருவரும் லேகியம் வாங்க மாட்டார்கள். ஊரில் ஏமாந்தது போதாதென்று பம்பாயிலுமா ஏமாறுவது என்று அத்தனை பேரும் உஷார்.

"அவிய மூச்சு விட மாட்டாம கெடக்காவ அண்ணாச்சி. லேகியம்லாம் கேக்க மாட்டேங்கு. இத அறுத்து, சூடு ஆறாம ரத்தத்தப் புடிச்சுக் குடுங்க."

அவள் சொன்னது புருஷன் வெயிலுமுத்துவை. தோல் பதனிடும் கார்கானாவில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்.

பேராச்சியின் காது வெறுமனே தொங்கியது. பாம்படம் முந்தானை முடிச்சில் இருந்தது. அதை அவிழ்த்துப் பலகையில் வைத்தாள். கூடவே கார்கானா ஆட்களும் வந்திருந்தார்கள். ஒருவர் தோல் சீவுகிற கத்தியையே கையோடு கொண்டுவந்திருந்தார்.

பூலோகம் எழுந்து குரங்குக்கு முன்னால் வந்து நின்றார்.

லேகியத்தில் குரங்கு கிடையாது. அதெல்லாம் நின்று ரொம்ப நாளாயிற்று. ஆட்டெலும்புச் சாறு, கருப்பட்டி, சுக்கு, மிளகு. கூடவே மாட்டுங்கா மருந்துக் கடையில் வாங்கி நுணுக்கிப் போடும் மூச்சிரைப்பு மாத்திரை. வேலை செய்வது மாத்திரை, பெயர் வாங்குவது குரங்கு.

முன்பெல்லாம் பாபநாசம் மலையிலிருந்து இசக்கி சாக்கு நிறையக் குரங்கு உப்புக்கண்டம் கொண்டுவருவான். அப்புறம் அரைச் சாக்கு. கடைசியாக வந்தபோது துண்டில் சுற்றிய இந்தக் குட்டி மட்டும்தான். இதன் தாய்தான் போன தடவை வந்த உப்புக்கண்டமாம். அதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

"மிச்சத்தையாவது விட்டு வைலே" என்று பூலோகம் சத்தம் போட்டார்.

"மிச்சம்னு எங்க இருக்கு அண்ணாச்சி? மலை பூரா அலைஞ்சாச்சு" என்று சொல்லிவிட்டு இசக்கி ரயிலேறிப் போனான். அதோடு அவன் வரவே இல்லை.

அன்றைக்குப் பூலோகம் ஒன்றும் கண்ணீர் வடிக்கவில்லை. பிழைப்பு போச்சே என்றுதான் வயிறு எரிந்தது. ஆனால் குட்டி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. செல்லி என்று பெயர் வைத்தார். சனியன், கடலை தின்னாது, பழத்தையும் தள்ளிவிடும். இலைதான் வேண்டும். வளர்ந்த பிறகும் அதே பிடிவாதம். விடிந்ததும் மாட்டுங்காவுக்கு நடந்துபோய், பங்களாக்காரர்களிடம் ஏச்சு வாங்கி, சுவருக்கு மேல் எட்டிக் கொழுந்து ஒடித்து வருவார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இத்தனை செய்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடலாம். கடையைப் பெயர்த்துப் போடுவார்கள், போட்டுத் தொலையட்டும். ஆனால் கத்தி வந்து நிற்கிறதே. லேகியம் பொய்யானால் என்ன, குரங்கு நிஜம்தானே என்று அறுத்துவிடுவார்கள்.

"கூறுகெட்டதனமாப் பேசாத தாயீ" என்று குரலை உயர்த்தினார். "அறுத்தா ஒரு நாளோட தீந்துது. காது ரத்தந்தான் ஒசத்தி. மூணு சொட்டு போதும். ஆளப் பாத்து அது மெரண்டா ரத்தம் விஷமாயிரும், ஒருத்தரும் உள்ள வரப்படாது."

லேகியத்தைச் செம்பில் போட்டு வெந்நீர் ஊற்றிக் கலக்கினார். செல்லியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

காதில் ஈ உட்கார்ந்தாலே தெருவைக் கூட்டுகிற குரங்கு அது. அன்றைக்கு ஒரு முனகல்கூட இல்லை. கூட்டம் வாய் பிளந்து நின்றது.

"அண்ணாச்சிக்குக் கைராசி" என்றார் கத்தி வைத்திருந்தவர்.

செம்பு வெளியே வந்தது. மேலே மூன்று சிவப்புச் சொட்டு கலைந்துகொண்டிருந்தது. அடியில் மாத்திரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அது யாருக்கும் தெரியாது. பேராச்சி செம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓடினாள். பாம்படத்தை எடுத்துப் போகச் சொல்லி அவர் பின்னாலேயே கத்த வேண்டியதாயிற்று.

வெயிலுமுத்து பிழைத்துக்கொண்டார். நாலைந்து நாளில் மறுபடியும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினார்.

பேராச்சிக்கு வாய் சும்மா இருக்குமா? குழாயடியில் ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூலோகம் கொழுந்தோடு திரும்பி வந்தபோது கடை முன்னால் வரிசை நின்றது. செம்பு, டம்ளர், தூக்குவாளி. குர்லாவிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. கத்தியை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

"நமக்கும் காது ரத்தந்தான் அண்ணாச்சி" என்றார் முதலில் நின்றவர்.

பூலோகம் வரிசையின் கடைசி வரைக்கும் பார்த்தார். செல்லியை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டார். கொழுந்தை அவள் முன்னால் போட்டார். அவள் தின்ன ஆரம்பித்தாள்.

துணி சுற்றியிருந்த தன் ஆட்காட்டி விரலை விட்டுவிட்டு, ஊசியை நடுவிரலில் வைத்தார்.