பட்டாணிப் புரதம்

புரதப் பவுடர் கடையில் நாலாவது டப்பாவையும் திருப்பிப் பார்த்தான் கோமதிநாயகம்.

பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்து வாசித்தான். பாலில் எடுத்ததுதான். ஆனால் பாலைத் திரியவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுத்த எதையோ சேர்ப்பார்களாம், எங்கோ படித்திருந்தான். ஒதுக்கினான். இன்னொன்றில் மீன் எண்ணெய். முகம் சுளித்து, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

அவன் மனைவி பக்கத்தில் நின்றாள்.

அலமாரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

ஆறாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போயிற்று. அதற்கப்புறம் உடம்பு தேறவே இல்லை. சீப்பில் முடி கொத்தாக வந்தது. ரத்தத்தில் புரதம் குறைவு, தினமும் முட்டை சாப்பிடுங்கள் என்றார் டாக்டரம்மா.

"நாங்க சைவம், டாக்டர்."

பதில் சொன்னது அவன்.

அந்த 'நாங்க'வில் அவளும் இருந்தாள்.

தூத்துக்குடியில் அவள் பிறந்த வீட்டில் மீன் இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காது. காதலித்துக் கட்டியவனுக்காக விட்டாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அம்மாவுக்கு அந்த வாடையே ஆகாது, எனக்கும்தான் என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை சொன்னான். அது போதுமாயிருந்தது.

மசக்கையில் ஒருநாள், அவித்த முட்டை கிடைக்குமா என்று கேட்டுவிட்டாள். அவன் தலையைக் கோதினான். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ என்றான். அவன் கண் கலங்கியதைப் பார்த்து, கேட்டிருக்கவே கூடாது என்று அவள்தான் வருந்தினாள்.

கடைசியில் பட்டாணியில் எடுத்த பவுடர் ஒன்று அவனுக்குத் திருப்தியாக இருந்தது. சின்ன டப்பா. அவள் கையில் கொடுத்தான்.

உள்ளறையிலிருந்து கடைக்காரர் வந்தார். அவனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, ஒங்க முட்டை பவுடர் வந்துட்டு. எடுத்து வைக்கட்டா?"

கோமதிநாயகம் அலமாரியைப் பார்த்தான்.

அவள்தான் கேட்டாள்.

"இவுக எப்ப இருந்து வாங்குதாவ?"

"மூணு வருசமா நம்ம கடைதானக்கா. மாசம் தவறாது. ஜிம்முலயே கொண்டு வச்சிருவாவ."

பிள்ளை போனது போன ஆடியில்.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேர்த்தது.

"அது மருந்து மாதிரி," என்றான் அவன், தணிந்த குரலில். பிறகு நிமிர்ந்துகொண்டான். "வீட்டுக்குள்ள கொண்டு வரதில்லல்லா."

அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் அவன் கையைப் பார்த்தாள். சட்டைக்கையை இறுக்கிக்கொண்டு திரண்டிருந்த புஜம். ஆஸ்பத்திரியில் அதில் சாய்ந்துதான் அழுதாள். இரவெல்லாம் அழுதாள். அது அசையவே இல்லை. எவ்வளவு உறுதி என்று அன்றைக்கு நினைத்திருந்தாள்.

கடைக்காரர் பெரிய டப்பாவைத் துடைத்து, சின்னதின் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டையும் ஒரே பையில போட்டிரட்டா, அண்ணாச்சி?"

கோமதிநாயகம் வாயெடுப்பதற்குள் அவள் சொன்னாள்.

"தனித்தனியா போடுங்க."