அந்தக் கொழும்புப் பய

“எங்க மச்சான் செத்துக் கெடக்காரு. அந்தக் கொழும்புப் பய எங்க அக்காளச் சிரிக்க வச்சு, திங்க வைக்கிறான்! விட்டேன் ஒரு அறை!”

சங்கையா இதை ரெட்டியபட்டியில் சொல்லாத ஆளில்லை. கோபம் அவருக்கு மூக்கு நுனியில். சிரிப்பு மட்டும் அவர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அறுபத்து மூணில் நடந்தது. கொழும்பில் கடை வேலைக்குப் போன மச்சான் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகத் தந்தி. சங்கையா அக்கா முத்துத்தாயோடு கப்பலேறினார். வழி நெடுக அவள் பச்சைத் தண்ணீர் தொடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், சம்பளமில்லாமல் தொண்டு செய்யும் ஒரு சிங்களவர் இடியாப்பத் தட்டை நீட்டினார்.

“அம்மா, இதுக்குத் தலை எது, வால் எது? நானும் வருசமாத் தேடுறது. நீங்க பாத்துச் சொல்லணும்.”

முத்துத்தாய்க்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. சாப்பிட்டாள்.

அவள் கை கழுவியதும் அவர் தலைகுனிந்தார். “உங்க ஐயா காலையிலேயே போயிட்டது அம்மா.”

“நீயெல்லாம் ஒரு மனுசனாடா?” சங்கையா அறைந்தார்.

சிங்களவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். “வெறும் வயித்துல இவ்வளவு பலமா? ஐயாவும் சாப்பிட்டு வந்து இன்னொண்ணு போடுங்க.”

ஒன்பது வருஷம் ஓடிப்போனது. சங்கையாவின் மனைவி குருவம்மாள் நிறைமாதம். காலையிலிருந்து தலைசுற்றிப் படுத்திருந்தவள், மத்தியானம்தான் கஞ்சிக்கு உட்கார்ந்தாள்.

வாசலில் அவள் சித்தப்பா மகன் மொக்கையன், திருச்சுழியிலிருந்து. “மச்சான், ஒங்க மாமனாரு தவறிட்டாக.”

சங்கையா அவன் வாயைப் பொத்தினார். சேதி தெரிந்தால், பிணம் எடுக்கும்வரை குருவம்மாள் பல்லில் தண்ணீர் படாது.

உள்ளே போனார்.

“ஏ புள்ள, கம்மாயிலதான் மீனு இல்ல. கஞ்சியிலயாச்சும் கெடக்குதா, துழாவிப் பாத்துக் குடி.”

இந்த மனுஷனா பேசுவது! குருவம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கும்பா காலியானது.

பிறகு சொன்னார். அவள் அலறி, அவர் நெஞ்சிலேயே அடித்தாள். மொக்கையன் சட்டையைப் பிடித்தான்.

“நீரெல்லாம் ஒரு மனுசனாய்யா?”

சங்கையா கதவோரம் நின்ற முத்துத்தாயைப் பார்த்தார். கண் கலங்கியது.

“அக்கா… கொழும்புல அவுக பேரு என்னக்கா?”

“சில்வா” என்றாள் முத்துத்தாய். “நீ என்னைக்காச்சும் கேப்பேன்னுதான் மறக்காம வச்சிருந்தேன்.”